சீட்டைக் காட்டாத எதிராளியுடன் 36 ஆண்டுகள்: மும்மடி கிருஷ்ணராஜ உடையாரின் வாழ்க்கை

மைசூரு: பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு நாடு முழுவதும் தடை விதிக்கும் சட்டம் 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றதிலிருந்து, போக்கரும் ரம்மியும் திறமையின் ஆட்டங்களா, அதிர்ஷ்டத்தின் ஆட்டங்களா என்ற பழைய கேள்வி மீண்டும் எழுந்துள்ளது. கண்ணுக்குத் தெரியாத சீட்டை வைத்திருக்கும் எதிராளியிடம் எவ்வளவு பணயம் வைப்பது என்பதே இவ்வாட்டங்களின் மையச் சிக்கல். அச்சிக்கலை ஆட்டப் பலகையிலும் அரசியலிலும் வாழ்நாள் முழுவதும் எதிர்கொண்ட ஒருவர் மைசூருவை ஆண்டார். அவர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார். கன்னட வழக்கில் மும்மடி கிருஷ்ணராஜ உடையார்.

மைசூரு அரண்மனையிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ள அக்ரஹாரம், நகரின் பழைய குடியிருப்புகளில் ஒன்று. அரசர்கள் வேத விற்பன்னர்களுக்கு மானியமாக அளித்த வீதிகளுக்குரிய பொதுப்பெயரே இங்கு ஊர்ப்பகுதியின் பெயராக நிலைத்துவிட்டது. இப்பகுதியையும் அரண்மனையையும் உள்ளடக்கிய பழைய மைசூரு, 1799-க்குப் பின் தலைநகராக மீண்டும் எழுந்தது மும்மடியாரின் காலத்தில்தான். ஐந்து வயது நிறையும் முன்பே அரியணை ஏறியவர், 37 வயதில் ஆட்சியை இழந்தார். எஞ்சிய 36 ஆண்டுகளை அதை மீட்பதற்கான காத்திருப்பில் கழித்தார்.

பாட்டி வைத்த பணயம்

மும்மடியார் 1794 ஜூலை 14 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பிறந்தார். அப்போது உடையார் மரபு பெயரளவில் மட்டுமே அரச மரபாக இருந்தது. அதிகாரம் திப்பு சுல்தானிடம் இருந்தது. 1796-இல் தந்தை சாமராஜ உடையார் மறைந்தபோது, பெயரளவிலான அரசரை அமர்த்தும் வழக்கத்தையும் திப்பு கைவிட்டார். அரண்மனையை இழந்த குடும்பம் வறுமையில் வாழ்ந்தது.

அக்குடும்பத்தின் தலைவி, இரண்டாம் கிருஷ்ணராஜ உடையாரின் விதவையான இராணி லட்சுமம்மண்ணி. முறைப்படி மும்மடியாருக்குப் பாட்டி. ஹைதர் அலியின் காலத்திலிருந்தே அவர் ஆங்கிலேயருடன் இரகசியத் தொடர்பை நாடி வந்தார். அவருடைய தூதர்களான திருமலை ராவ், நாராயண ராவ் சகோதரர்கள் தமிழ்நாட்டில் தங்கி அம்முயற்சியைத் தொடர்ந்தனர். 1782 அக்டோபரில் தஞ்சாவூரில், இராணியின் சார்பில் திருமலை ராவுடன் கிழக்கிந்தியக் கம்பெனி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது.

இப்பணயத்தின் ஆபத்து சிறியதன்று. கடிதம் ஒன்று சிக்கியிருந்தாலும் குடும்பத்தின் உயிருக்கே உறுதியில்லை. மறுபுறம் இருந்த கம்பெனியின் உள்ளக்கருத்தும் இராணிக்குத் தெரியாது. சென்னையில் ஆளுநர்கள் மாறிக்கொண்டே இருந்தனர். ஒருவர் தந்த வாக்கை அடுத்தவர் காப்பார் என்பதற்கு உறுதி ஏதுமில்லை. ஆயினும் இழப்பதற்கு அதிகம் இல்லாத நிலையில் அவர் தொடர்ந்து தூது அனுப்பினார்.

1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு போர்க்களத்தில் மாண்டார். ஜூன் 30 அன்று மைசூருவில், தகுந்த அரண்மனை கூட இல்லாத நிலையில், தற்காலிகப் பந்தலில் ஐந்து வயது நிறைவடையாத சிறுவனுக்கு முடிசூட்டப்பட்டது. ஜூலை 8 அன்று கையெழுத்தான துணைப்படை உடன்படிக்கையில், சிறுவனின் சார்பில் இராணியும் திவான் பூர்ணய்யாவும் ஒப்பமிட்டனர்.

அவ்வுடன்படிக்கையின்படி மைசூரு அரசு ஆண்டுதோறும் 7 லட்சம் நட்சத்திர வராகன்களைக் கம்பெனிக்குச் செலுத்த வேண்டும். அத்தொகை தவறும் என்று அஞ்சத் தலைமை ஆளுநருக்குக் காரணம் இருந்தால், நாட்டின் எந்தப் பகுதியையும் கம்பெனியே நேரடி நிர்வாகத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்றது நான்காவது ஷரத்து. அரியணை கிடைத்த மகிழ்ச்சியில் அந்த ஷரத்து அன்று பெரிதாகத் தோன்றவில்லை. பிற்காலத்தில் மன்னரின் வாழ்க்கையைத் தீர்மானித்தது அதுவே.

‘ஷர்த்’ முறையும் நகர் கிளர்ச்சியும்

மன்னர் பருவமெய்தும் வரை நிர்வாகத்தை நடத்தியவர், திப்புவிடமும் பணியாற்றிய பூர்ணய்யா. லட்சுமம்மண்ணி 1810-இல் காலமானார். 1811-இன் இறுதியில் பூர்ணய்யா விலகியபோது கருவூலத்தில் 2 கோடி ரூபாய்க்கு மேல் இருப்பு இருந்தது. பதினேழு வயதில் மும்மடியார் முழு அதிகாரத்தை ஏற்றார்.

கலை, இசை, கோயில் திருப்பணி, கொடை ஆகியவற்றில் அவருடைய கை தாராளமானது. சாமுண்டி மலைக் கோயிலின் இராஜகோபுரம் 1827 அளவில் அவரால் எழுப்பப்பட்டது. ஆயினும் வரவைக் காட்டிலும் செலவு மிகுந்தது. இருப்புக் கரைந்தது, கடன் சேர்ந்தது.

வருவாயைத் திரட்டக் கையாளப்பட்ட முறை ‘ஷர்த்’ எனப்பட்டது. ஒவ்வொரு வட்டத்தின் அமில்தாரும் குறிப்பிட்ட தொகையை வசூலித்துத் தருவதாக முன்கூட்டியே உறுதியளிக்க வேண்டும். வசூல் குறைந்தால் பற்றாக்குறையை அவரே ஈடுகட்ட வேண்டும். ‘ஷர்த்’ என்பதற்கு நிபந்தனை என்றும் பந்தயம் என்றும் இரு பொருள்கள் உண்டு. ஒப்பந்தப் பிரிவைக் குறிக்கத் தமிழில் வழங்கும் ‘ஷரத்து’ என்ற சொல்லும் இதன் வழி வந்ததே. மழையும் விளைச்சலும் சந்தை விலையும் எப்படி அமையும் என்பதை அறியாமலே அமில்தார் பந்தயம் கட்டினார். தோற்கும் நிலை வந்தபோது, அந்த இழப்பை உழவரிடமிருந்து பிடுங்கினார். பந்தயம் கட்டியவர் ஒருவர், விலை கொடுத்தவர் வேறொருவர் என்பதே அம்முறையின் கொடுமை.

1830-இல் நகர் பகுதியில் உழவர்கள் திரண்டனர். வரி செலுத்த மறுத்தனர். பழைய நகர் அரச மரபின் வாரிசு என உரிமை கோரிய பூதி பசவப்பா கிளர்ச்சியின் தலைவர்களில் ஒருவரானார். மன்னரின் படையால் மட்டும் அதை அடக்க இயலவில்லை. கம்பெனிப் படையும் இறங்கியபின் 1831-இல் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது.

மன்னரின் கணிப்புப் பிழைத்த இடம் இதுவே. தம் எதிரில் இருப்பவர்கள் நகரின் கிளர்ச்சியாளர்கள் என்று அவர் எண்ணினார். உண்மையில் அவர் ஆடிக்கொண்டிருந்த மேசையின் மறுபுறம், நான்காவது ஷரத்தைக் கையில் வைத்திருந்த தலைமை ஆளுநர் வில்லியம் பென்டிங்க் அமர்ந்திருந்தார். 1831 செப்டம்பரில் பென்டிங்க் கடிதம் எழுதினார். தசரா காலமான அக்டோபரில் நிர்வாகம் கம்பெனியின் கைக்கு மாறியது. மன்னர் எதிர்க்கவில்லை, அமைதியாக ஒப்படைத்தார்.

பின்னர் அமைக்கப்பட்ட விசாரணைக் குழு, நாட்டின் சீர்கேடு குறித்து முன்பு சொல்லப்பட்டவற்றுள் பல மிகைப்படுத்தப்பட்டவை எனக் கண்டது. கம்பெனிக்கு வரவேண்டிய தொகை உடனடி ஆபத்தில் இருந்ததாகத் தெரியவில்லை என்பதைப் பென்டிங்கே 1834-இல் ஒப்புக்கொண்டார். நாட்டின் ஒரு பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மன்னரிடம் திருப்பித் தரலாம் என்ற அவருடைய யோசனையை இலண்டன் ஏற்கவில்லை. 1834 முதல் 1861 வரை மார்க் கப்பன் ஆணையராக இருந்து பெங்களூருவிலிருந்து நாட்டை நிர்வகித்தார். உடன்படிக்கைப்படி மன்னருக்கு ஆண்டுக்கு 1 லட்சம் நட்சத்திர வராகன்களும், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் உரியவையாயின. அரசாணை பிறப்பிக்கும் உரிமை மட்டும் இல்லை.

கட்டங்களும் சீட்டுகளும்

ஆட்சியிழந்த ஆண்டுகளில் மைசூரு அரண்மனை அறிஞர்களும் ஓவியர்களும் கூடும் இடமாயிற்று. 1833-இல் மன்னர் தொடங்கிய இலவச ஆங்கிலப் பள்ளியே பின்னாளில் மகாராஜா கல்லூரியாக வளர்ந்தது. அவருடைய ஆதரவில் ‘ஸ்ரீதத்வநிதி’ என்னும் ஓவியக் களஞ்சியம் உருவானது. ஒன்பது பகுதிகளைக் கொண்ட அந்நூலின் இறுதிப் பகுதியான ‘கௌதுக நிதி’ விளையாட்டுகளுக்கு உரியது.

மன்னருக்குச் சதுரங்கத்திலும் பகடை ஆட்டங்களிலும் ஆழ்ந்த ஈடுபாடு இருந்தது. ஒரு குதிரையைக் கொண்டு 64 கட்டங்களையும் ஒருமுறை மட்டும் மிதித்து வரும் புதிர்களை அவர் பல வகைகளில் அமைத்தார். அவ்வாறு செல்லும் வழிக்கு 1 முதல் 64 வரை எண்ணிட்டால், எல்லா எண்களின் கூட்டுத்தொகை 2,080. எட்டு வரிசைகளுக்கும் சமமாகப் பங்கிட்டால் வரிசைக்கு 260. குதிரையின் நடையும் பிசகாமல், வரிசைத் தொகையும் பிசகாமல் அமைப்பது மிகக் கடினம். ஆயினும் அது கடினமான கணக்கு மட்டுமே. அதில் மறைவானது எதுவும் இல்லை. பலகை முழுவதும் கண்முன் திறந்து கிடக்கிறது.

சீட்டாட்டம் வேறு இயல்புடையது. பாரசீகத்திலிருந்து வந்து முகலாயர் வழியே பரவிய கஞ்சிஃபா, வட்ட வடிவச் சீட்டுகளால் ஆடப்படுவது. முகலாயக் கட்டில் 8 வகைகளாக 96 சீட்டுகள் இருந்தன. திருமாலின் அவதாரங்களைக் கொண்ட தசாவதாரக் கட்டில் 10 வகைகளாக 120 சீட்டுகள். ஒவ்வொரு வகையிலும் அரசன், மந்திரி ஆகிய இரண்டும், ஒன்று முதல் பத்து வரையிலான எண் சீட்டுகளும் உண்டு. பாதி வகைகளில் பத்து உயர்ந்தது. மறுபாதியில் ஒன்று உயர்ந்தது. பகலில் ஆடினால் இராமர் வகையும், இரவில் ஆடினால் கிருஷ்ணர் வகையும் முதலில் இறங்கும்.

மூவர் ஆடும்போது ஆளுக்கு 40 சீட்டுகள். தம் 40 சீட்டுகளைப் பார்க்கும் ஒருவருக்கு, மற்ற 80 சீட்டுகள் எவரிடம் எவை என்பது தெரியாது. அவற்றுள் ஒரு குறிப்பிட்ட சீட்டு இடப்பக்கத்தவரிடம் இருக்கிறதா, வலப்பக்கத்தவரிடமா என்பது தொடக்கத்தில் சரிபாதி வாய்ப்பு. ஆட்டம் நகர நகர, இறங்கிய சீட்டுகளை நினைவில் வைத்திருப்பவருக்கு அந்த இருள் மெல்ல விலகும். ஒரு வகையில் எஞ்சியவற்றுள் உயர்ந்த சீட்டு தம்மிடமே உள்ளது என்பதை முதலில் அறிபவர் முந்துகிறார். சீட்டு விழுவது அதிர்ஷ்டம். விழுந்ததை மறவாதிருப்பது திறமை.

இந்த ஆட்டத்தையே மும்மடியார் விரிவாக்கினார். ‘கௌதுக நிதி’யில் அவர் வகுத்த சீட்டாட்டங்கள் 36 சீட்டுகளில் தொடங்கி 360 சீட்டுகள் வரை நீள்கின்றன. குலதெய்வமான சாமுண்டேஸ்வரியின் பெயரிலான ஆட்டத்துக்கு 320 சீட்டுகள். ஜகன்மோகன ஆட்டத்துக்கு 360. தெய்வங்கள், கோள்கள், காவிய மாந்தர் எனச் சீட்டுதோறும் தனி உருவங்கள் தீட்டப்பட்டன. இத்தனை சீட்டுகளில் எவை போயின, எவை மீதமுள்ளன என்று கணக்கு வைப்பது நினைவாற்றலுக்குப் பெரும் சோதனை.

முகம் தெரியாத எதிராளி

இன்றைய இணையப் போக்கர் இதே சிக்கலை வேறு வடிவில் முன்வைக்கிறது. அதன் பரவலான வகையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு மறைவுச் சீட்டுகள். ஐந்து பொதுச் சீட்டுகள் படிப்படியாகத் திறக்கப்படும். தம் இரு சீட்டுகளைப் பார்த்த ஆட்டக்காரருக்கு, எதிராளியின் கையில் இருக்கக்கூடிய இணைகள் 1,225. முதல் மூன்று பொதுச் சீட்டுகள் திறந்ததும் அவ்வெண்ணிக்கை 1,081 ஆகக் குறைகிறது. நேரில் ஆடினால் முகத்தையும் கைநடுக்கத்தையும் கவனிக்கலாம். திரையில் தெரிவதோ ஒரு புனைபெயரும், பணயத் தொகையும், அதை வைக்க எடுத்துக்கொண்ட நேரமும்தான்.

இந்நிலையில் அனுபவமுள்ளவர்கள் முதலில் பார்ப்பது விலையை. நடுவில் 300 ரூபாய் இருக்கும்போது எதிராளி 100 ரூபாய் வைத்தால், தொடர்வதற்கு 100 ரூபாய் தேவை. வென்றால் கிடைக்கும் மொத்தம் 500. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெல்லும் வாய்ப்பு இருந்தால் மட்டுமே தொடர்வது நட்டமில்லை. அடுத்தது, அறியாத எதிராளியைப் பற்றிய துணிபு. அவரை மேதை என்றோ மூடர் என்றோ கொள்ளாமல், சராசரி ஆட்டக்காரர் என்று கொண்டு தொடங்குவது. பொய்ப் பந்தயத்தால் அவரை விரட்டிவிடலாம் என்று நம்பாதிருப்பது. அவர் காட்டும் ஒவ்வொரு சீட்டுக்கும் ஏற்ப மதிப்பீட்டைத் திருத்திக்கொள்வது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே கையில் முழு முதலையும் வைக்காதிருப்பது.

இவ்வளவு கற்றவருக்கும் ஆதாயம் உறுதியில்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் நிறுவனம் ஒரு பங்கை எடுத்துக்கொள்வதால், ஆடுவோர் அனைவரும் சேர்ந்து வைத்த பணம் சுருங்கிக்கொண்டே வருகிறது. ரம்மி பெரிதும் திறமையின் ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1968-இல் கூறியது. கர்நாடகம் கொண்டுவந்த தடையை அம்மாநில உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் நீக்கியது. தமிழ்நாட்டின் சட்டத்தை 2023 நவம்பரில் பொதுவாக ஏற்ற சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுகளின் பட்டியலிலிருந்து விலக்கியது. 2025-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமோ திறமை, அதிர்ஷ்டம் என்ற பாகுபாட்டையே ஒதுக்கிவிட்டது. பணம் கட்டி ஆடினால் தடை. அவ்வாட்டங்களை நடத்துவோருக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறையும் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை.

கடைசிக் கை

ஆட்சியை இழந்தபின் மும்மடியார் நடந்துகொண்ட விதம், 1831-க்கு முந்தைய மன்னரிடமிருந்து பெரிதும் வேறுபட்டது. பென்டிங்குக்குப் பின் ஆக்லாந்து, எல்லன்பரோ, ஹார்டிஞ், டல்ஹௌசி, கானிங், எல்ஜின், லாரன்ஸ் எனத் தலைமை ஆளுநர்கள் வந்து சென்றனர். ஒவ்வொருவரும் அவருக்குப் புதிய எதிராளி. அவர்களுடைய எண்ணம் கடிதங்களின் வழியாக மட்டுமே, அதுவும் மாதங்கள் கழித்தே தெரிந்தது. மன்னர் மீண்டும் மீண்டும் மனு அனுப்பினார். மறுப்பு வந்தபோது பொறுத்தார். ஆயுதத்தையோ சதியையோ நாடவில்லை.

மிகப்பெரும் ஆபத்து டல்ஹௌசியின் காலத்தில் வந்தது. நேரடி வாரிசு இல்லாத அரசுகளைக் கம்பெனியுடன் சேர்த்துக்கொள்ளும் கொள்கையால் சதாரா, ஜான்சி, நாக்பூர் ஆகியவை மறைந்தன. மும்மடியாருக்கும் பட்டத்துக்குரிய மகன் இல்லை. மன்னரின் மறைவோடு மைசூரும் கம்பெனிக்கு வந்து சேரும் என்று 1856-இல் டல்ஹௌசி கணித்தார். அக்கணிப்பின்படி ஆங்கிலேயர் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. முதியவரின் மரணத்துக்குக் காத்திருந்தால் போதும்.

1857 கிளர்ச்சியின்போது மன்னர் ஆங்கிலேயர் பக்கம் உறுதியாக நின்றார். விடுதலைப் போராட்ட நோக்கில் அம்முடிவை விமர்சிப்போர் உண்டு. எனினும் அவருடைய எஞ்சிய உரிமை முழுவதும் 1799 உடன்படிக்கையின் மீதே நின்றது. அதைத் தாமே முறித்தால் வழக்கே இல்லாமல் போகும். 1860-இல் மைசூருவைச் சென்னை மாகாண அரசின் பொறுப்பில் விட முடிவு செய்யப்பட்டபோது, அவர் எதிர்ப்புத் தெரிவித்தார். ஆணையர் கப்பனும் எதிர்த்தார். அம்முடிவு கைவிடப்பட்டது. ஆயினும் ஆட்சியைத் திருப்பித் தருமாறு 1861-இல் அனுப்பிய மனுவை கானிங் 1862-இல் நிராகரித்தார். பல அரசர்களுக்கு வழங்கப்பட்ட தத்தெடுப்பு உரிமைச் சாசனமும் மைசூருவுக்கு வரவில்லை.

இந்நிலையில் 1865 ஜூன் மாதம், எழுபது வயதில், மன்னர் தம் கடைசிக் கையை ஆடினார். அரச குலத்தைச் சேர்ந்த இரண்டு வயதுக் குழந்தையை, அனுமதிக்குக் காத்திராமல், இந்து முறைப்படி தத்தெடுத்துச் சாமராஜேந்திர உடையார் என்று பெயர் அறிவித்தார். தத்தை அரசுரிமைக்கு ஏற்க முடியாது என்று லாரன்ஸ் அரசு மறுத்தது. மன்னர் வழக்கைக் கல்கத்தாவிலிருந்து இலண்டனுக்குக் கொண்டு சென்றார். அவருடைய மருத்துவராக இருந்த கேம்பல் இங்கிலாந்தில் அவருக்காக வாதாடினார். நாடாளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் ஆதரவு திரண்டது.

1867 ஏப்ரலில் இந்தியாவுக்கான அமைச்சர் ஸ்டாஃபோர்டு நார்த்கோட், தத்துப்பிள்ளையின் உரிமையை ஏற்று ஆணை அனுப்பினார். குழந்தை பருவமெய்தியதும் தகுந்த நிபந்தனைகளுடன் ஆட்சி அவரிடம் ஒப்படைக்கப்படும் என்பது அதன் சாரம். ஓராண்டுக்குள், 1868 மார்ச் 27 அன்று, மும்மடியார் தம் 73-ஆம் வயதில் காலமானார். ஆட்சி திரும்புவதை அவர் காணவில்லை; திரும்பும் என்பதை அறிந்து மறைந்தார்.

மீண்ட ஆட்சி

1881 மார்ச் 25 அன்று சாமராஜேந்திர உடையாரிடம் மைசூரு ஒப்படைக்கப்பட்டது. முதல் திவானாகப் பொறுப்பேற்றவர் செங்கல்பட்டுப் பகுதியில் பிறந்த ரங்காச்சார்லு. அவ்வாண்டு அக்டோபரில் அவர் கூட்டிய பிரதிநிதிகள் சபை, இந்திய சமஸ்தானங்களில் அத்தகைய முதல் அவையாகக் கருதப்படுகிறது. அதில் நில உரிமையாளர்களும் வணிகர்களும் அரசின் வரவு செலவைக் கேட்டறிந்தனர், குறைகளை முன்வைத்தனர். ‘ஷர்த்’ முறையின் இழப்பைச் சுமந்த நகர் உழவர்களுக்கு 1830-இல் அப்படியொரு வாசல் இருந்ததில்லை.

மும்மடியார் வாழ்ந்த மர அரண்மனை 1897-இல் தீக்கிரையானது. இன்றுள்ள அரண்மனை 1912-இல் நிறைவுற்றது. அவர் 1861-இல் கட்டிய ஜகன்மோகன் அரண்மனை கலைக்கூடமாக நிலைத்திருக்கிறது. மைசூரு கஞ்சிஃபா சீட்டுகளுக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டுள்ளது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஓவியர் ரகுபதி பட்டர் அக்கலையைத் தொடர்ந்து தீட்டியும் கற்பித்தும் வந்துள்ளார். இன்று அச்சீட்டுகள் பெரும்பாலும் ஆடுவதற்காக அன்றிக் காட்சிக்காகவே வாங்கப்படுகின்றன.

மன்னரின் வாழ்க்கை, பணயம் வைப்பவர் எவருக்கும் இரு கணக்குகளை விட்டுச் சென்றுள்ளது. இளமையில் அவர் நாட்டின் வருவாயையே பந்தயத்தில் விட்டார். எதிரில் இருப்பவர் யார் என்பதைத் தவறாக எடைபோட்டார். ஓர் இலையுதிர்காலத்தில் எல்லாவற்றையும் இழந்தார். முதுமையில் தம்மால் காண முடியாத எதையும் நம்பிப் பணயம் வைக்கவில்லை. கையிலிருந்த ஒரே வலுவான சீட்டான உடன்படிக்கையைக் கடைசி வரை கீழே போடவுமில்லை. திரைக்குப் பின்னால் இருப்பவரின் பெயர் கூடத் தெரியாமல் சேமிப்பை வைத்து இழந்த குடும்பங்களின் துயரமே இன்றைய சட்டத்துக்கு வழிவகுத்தது. அவர்களுடைய இழப்பும், நகர் உழவர்களின் இழப்பைப் போலவே, பந்தயம் கட்டியவரோடு நின்றுவிடவில்லை.